மாரடைப்புக்குப் பிறகு மார்கழி விடியலில் சைக்கிள்: அம்பாசமுத்திரம் பேப்பர் ஏஜென்ட் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிச் சீமையில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் பாளையங்கோட்டையில் 22, 23 டிகிரி இருக்கும். மேற்கே மலையடிவாரத்து ஊர்களில் ஓரிரண்டு டிகிரி குறையலாம். ஊட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் குளிரே இல்லை. ஆனால் மாரடைப்பு வந்து மூன்று மாதம் ஆவதற்குள் இந்தக் குளிரில் சைக்கிள் மிதித்த ஒருவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கு என்ன வந்தது, அதன் அடியில் என்ன இருந்தது, மறுபடி எப்படிச் சைக்கிள் ஏறினார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மாரடைப்பு, பைபாஸ் முடிந்து வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்து வேலைக்குத் திரும்ப வைப்பது என் வேலை. அவருடைய சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆளும் தொழிலும்

வயது 56. பேப்பர் ஏஜென்ட். சர்க்கரை நோய் எட்டு வருடமாக உண்டு. சிகரெட்டை மாரடைப்பு வந்த அன்றோடு விட்டவர். நேரில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வேனில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். பிரித்து, இணைப்பைச் சொருகி, லைன் வாரியாக அடுக்கி, ஆறரைக்குள் வீடுகளில் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு பையன்கள் இரண்டு லைன் பார்க்கிறார்கள். மூன்றாவது லைன் அண்ணாச்சியுடையது. தாமிரபரணிப் பாலம் தாண்டித் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, அப்புறம் திரும்பி வந்து மேற்கே விக்கிரமசிங்கபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம். எல்லாம் சேர்த்துப் பதினான்கு கிலோமீட்டர் வரும். கிளம்பும்போது கேரியரிலும் ஹேண்டில்பார் பையிலுமாகப் பதினைந்து இருபது கிலோ சுமை.

புரட்டாசி மாதம் மாரடைப்பு வந்தது. நெஞ்சு இறுக்கம், கொட்டும் வியர்வை, இடது கை கனம் என்று எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி. இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்ஏடி தமனி முழுதாக அடைத்திருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். வலது தமனியிலும் ஒரு குறுகல் தெரிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அவசரத்துக்கு நாக்கின் அடியில் வைக்கச் சார்பிட்ரேட்.

சம்மரியின் கடைசியில் 'அதிகாலைக் குளிரில் வெளியே செல்வதைத் தவிர்க்கவும்' என்றும் போட்டிருந்தது. பேப்பர் போடுகிறவருக்கு இப்படி எழுதிக்கொடுப்பது, மணப்பாட்டு மீனவரிடம் கடல் பக்கம் போகாதே என்று சொல்வது போலத்தான். இப்படிப் பொதுவாகச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் எப்படிப் போவது என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி முழுக்க என்னிடம் பயிற்சிக்கு வந்தார். நடை, நிலை சைக்கிள், லேசான கைப்பயிற்சி. எதிலும் தொந்தரவு இல்லை. சமதரையில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம் என்று இதய டாக்டரும் சொல்லிவிட்டார். கார்த்திகையில் அடைமழை. அவர் லைனை மச்சினன் பார்த்துக்கொண்டார். மார்கழி பிறந்ததும் அண்ணாச்சி மறுபடி சைக்கிளை எடுத்தார்.

பல்வலி

முதலில் எனக்குச் சொன்னது அண்ணாச்சியின் மனைவி, மதினிதான். "பல்லு வலின்னு கிராம்பை ஒதுக்கிக்கிட்டுத் திரியுதாவ தம்பி. ஆனா சைக்கிள்ல போனா மட்டுந்தான் வலிக்காம்."

அண்ணாச்சியைக் கேட்டால், "பல்லுதான் தம்பி. பாலத்துல காத்து மூஞ்சில அடிக்கில்ல, அப்பம் தாடை ஒரு மாதிரி கடுக்கும். டீக்கடையில நின்னா சரியாயிரும்" என்றார். அதற்காக மப்ளரைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

நோயாளி சொல்வதைக் கேட்பதோடு, வலிக்கு ஒரு வரைபடம் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் விடுகிறது, என்ன செய்தால் விடுகிறது. அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில், பாலம் ஏறும்போது தொடங்குகிறது. சுமை முழுதாக இருக்கும் நேரம் அது. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் கடுக்கிறது, கூடவே தொண்டைக்குக் கீழே ஓர் இறுக்கம். இந்த இறுக்கத்தை அவர் தானாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார், அதுவும் 'வாய்வு' என்று. டீக்கடையில் இறங்கி நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. நிற்காமல் மெதுவாக மிதித்தாலும் கல்லிடை வருவதற்குள் விட்டுவிடுகிறது. ஏழு மணிக்கு வெயிலில் காலிச் சைக்கிளோடு திரும்பும்போது வருவதே இல்லை.

சொத்தைப் பல் இப்படி நடந்துகொள்ளாது. மிதித்தால் வந்து நின்றால் போகிற வலி, தொப்புளுக்கு மேலே எங்கே இருந்தாலும் அதை இதய வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலி சரியாகத் தெரியாமலே போகலாம் என்பதால் அவர்கள் விஷயத்தில் சந்தேகம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். 'மிதிக்க மிதிக்க விட்டுருது' என்பதைத்தான் பலரும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். சில இதய வலிகள் உடல் சூடானதும் அடங்கும். அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் வேறு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. பாலத்தில் வலி வரும்போது நாடித்துடிப்பு 94தான். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, மாத்திரையின் வேலையே அதுதான். இதயம் படும் பாட்டை அந்த எண்ணை வைத்து அளக்க முடியாது.

"கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிரட்டுமா?" என்று மகன் கேட்டார். வாங்கலாம், ஆனால் அது கடைசி. மாரடைப்பு வந்த சில மாதங்களுக்குள் புதிதாக ஒரு வலி வந்தால், அது குளிரில் மட்டும்தான் வருகிறது என்றாலும், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்று காலையே மகனோடு காரில் அனுப்பிவைத்தேன்.

பரிசோதனையில் தெரிந்தது

ஈசிஜியில் புது மாற்றம் இல்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் சரியாக இருந்தது. டிரெட்மில்லில் ஏற்றினார்கள். இரண்டாம் கட்டத்தின் கடைசியில் அதே தாடை வலி வந்தது, ஈசிஜி கோடும் இறங்கியது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் அது. உடனே நிறுத்திவிட்டு ஆஞ்சியோகிராம் பார்த்தார்கள். பழைய ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருந்தது. வலது தமனியில் 85 சதவீத அடைப்பு. அதற்கும் ஒரு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. டிரெட்மில்லில் இரண்டாம் கட்டம் என்பது மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் 12 சதவீத ஏற்றம். உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியைப் போல ஏழு மடங்கு ஆகும். சமதரையில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதிக்க நாலு மடங்குதான் ஆகும் என்பது புத்தகக் கணக்கு. அப்படியென்றால் அறைக்குள் ஏழு மடங்கு உழைத்தபோது வந்த வலி, பாலத்தில் அதைவிடக் குறைந்த உழைப்பிலேயே ஏன் வந்தது? சுமை ஒரு பங்கு, பாலத்து ஏற்றமும் காற்றும் ஒரு பங்கு. மீதி குளிரும் நேரமும். டிரெட்மில் சோதனை நடந்தது பதினொரு மணிக்கு, மாத்திரையும் இட்லியும் சாப்பிட்ட பிறகு, காற்று வீசாத அறையில். டிரெட்மில் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, விடியற்காலை வேலைக்காரர்களுக்கு முழு அனுமதி கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

முதல் மாரடைப்பின்போது தெரிந்த வலது தமனியை அப்போதே சரிசெய்திருக்கலாமே என்று குடும்பத்தார் கேட்டார்கள். காரணமாயிருந்த தமனியோடு மற்ற பெரிய அடைப்புகளையும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இன்னொரு தடவையாகவோ சில வாரங்களுக்குள்ளோ சரிசெய்தால் மறுபடி மாரடைப்பு வருவது குறைகிறது என்று 2019-ல் வெளியான 'கம்ப்ளீட்' என்ற பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் ஒவ்வொருவருக்கும் எப்போது, எதை என்பது டாக்டர் படத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. அதில் நான் தலையிடுவதில்லை.

குளிர் இதயத்தை என்ன செய்கிறது

தோலில் குளிர் பட்டதும் உடல் தன் சூட்டைக் காப்பாற்றத் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. குழாய்கள் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்துக்கு எதிராக இதயம் அமுக்கித் தள்ள வேண்டும், அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். ஆரோக்கியமான இதயத் தமனி இந்த நேரத்தில் விரிந்துகொடுக்கும். கொழுப்பு படிந்த தமனி விரியாது, சில சமயம் குளிருக்குச் சுருங்கவும் செய்யும். தேவை ஏறுகிற அதே நேரத்தில் வரத்துக் குறைகிறது. முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, ஈரத் துணி, உள்ளே இழுக்கும் குளிர்ந்த மூச்சு மூன்றுமே இதைத் தூண்டும்.

இதோடு நேரத்தின் பங்கும் உண்டு. மாரடைப்பு காலை ஆறு மணியிலிருந்து மதியத்துக்குள்தான் அதிகம் வருகிறது என்பது 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். விழித்து எழும் நேரத்தில் ரத்த அழுத்தமும் அட்ரினலினும் ஏறுகின்றன, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. முந்தின நாள் சாப்பிட்ட மாத்திரையின் வீரியமும் விடியும்போது குறைந்திருக்கும்.

நம் ஊர்க் குளிர் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். 1997-ல் வெளியானது. 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மரணங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்தார்கள். பனி உறையும் பின்லாந்தைவிட வெயில் ஊரான ஏதென்ஸில்தான் கூடுதல் அதிகம். பின்லாந்துக்காரர்கள் குல்லா, கையுறை, தடித்த மேலங்கி இல்லாமல் வெளியே வருவதில்லை. இதமான ஊர்க்காரர்கள் லேசான குளிரை மதிப்பதில்லை. நம் வெப்பநிலை 18-க்குக் கீழே போவது அபூர்வம் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனால் ஈரத்தலையோடு, மெல்லிய சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறவரைப் பார்க்கும்போது அந்த ஆய்வு ஞாபகம் வராமல் இருக்காது. சுவீடனில் இரண்டே முக்கால் லட்சம் மாரடைப்புகளை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வெப்பநிலையோடு வேகமான காற்றும் மாரடைப்போடு தொடர்பு கொண்டதாகத் தெரிந்தது. சைக்கிள்காரர் காற்று வீசாத நாளிலும் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொண்டேதான் போகிறார்.

எதிர்க்காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் தடை, உடலில் மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால், உடலில் மோதுவது 30. தடை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. பொதிகை மலையிலிருந்து விடியலில் கீழே இறங்கும் காற்றை எதிர்த்து விக்கிரமசிங்கபுரம் ரோட்டில் வழக்கமான வேகத்தையே பிடிக்க நினைப்பவர், தெரியாமலே மலையேற்றம் செய்கிறார்.

மறுபடி சைக்கிள்

இரண்டாவது ஸ்டென்ட்டுக்குப் பிறகு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, டாக்டரின் சம்மதத்தோடு திரும்பவும் லைனுக்கு அனுப்பினோம். அடைப்பு போய்விட்டதே, இனி என்ன என்று அண்ணாச்சிக்கு. அடைப்பைச் சரிசெய்தாலும், அடைப்பு வரக்கூடிய உடம்பு அதேதானே.

முதலில் கை வைத்தது குளியலில். மார்கழி மாதம் மூன்றரை மணிக்குப் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஈரத்தலையோடு கிளம்புவது அவருக்கு அப்பா காலத்துப் பழக்கம். நான் எதுவும் வாதாடவில்லை. வீட்டில் பிபி பார்க்கும் மெஷினைக் கொடுத்து, குளித்ததும் ஒரு நாள், குளிக்காமல் ஒரு நாள் என்று பார்த்து எழுதச் சொன்னேன். பச்சைத்தண்ணீர்க் குளியல் முடிந்த கையோடு 162/94. குளிக்காத நாளில் 136/84. பகலில் டாக்டரிடம் எப்போதும் 126/80தான். நோட்டைப் பார்த்துவிட்டு மதினி பேசிய பேச்சுக்கு முன்னால் என் அறிவுரையெல்லாம் எம்மாத்திரம். இப்போது குளியல் லைன் முடிந்து வந்து, வெந்நீரில்.

டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டியதில் மாத்திரை நேரமும் மாறியது. மெட்டோப்ரோலாலை நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகையாக மாற்றி இரவு சாப்பிடச் சொன்னார். இது அவர் பிபியையும் துடிப்பையும் பார்த்து எடுத்த முடிவு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி இரவில் சாப்பிடுகிறார் என்று யாரும் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அடுத்தது முதல் இருபது நிமிடம். முன்பு பையன்கள் பேப்பர் பிரிப்பார்கள், அண்ணாச்சி உட்கார்ந்து கணக்கு எழுதிவிட்டு நேராகச் சைக்கிள் ஏறுவார். இப்போது கணக்கைப் பையனிடம் கொடுத்துவிட்டு, இணைப்பு சொருகுவதையும் கட்டு அடுக்குவதையும் அவரே நின்றபடி செய்கிறார். கடை ஷட்டருக்குள் காற்றுப் படாத இடத்தில் கையும் காலும் அசைந்து உடல் சூடாகிறது. தனியாக வார்ம்-அப் செய்யச் சொன்னால் இரண்டு நாள் செய்வார்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். வேலைக்குள்ளேயே அதை ஒளித்து வைத்துவிட்டால் விடுபடாது. நடுவில் ஒரு நாட்டுப்பழம், ஒரு சுக்குக் காப்பி. கருப்பட்டி போட்டதுதான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

அப்புறம் லைனையே திருப்பிப் போட்டோம். பாலத்தை முதலில் கடக்காமல், இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் அம்பை உள் தெருக்களை முதலில் முடிப்பது. அதில் கால்வாசிச் சுமை குறையும். பிறகு மேற்கே காற்றை எதிர்த்து மெதுவாக, சின்னக் கியர் இல்லாத சைக்கிள் என்பதால் மிதிக்கக் கனத்தால் இறங்கி நடப்பது. திரும்பும்போது காற்று முதுகில் வரும். பாலமும் கல்லிடையும் கடைசியில், வெளிச்சம் வந்த பிறகு. இதனால் கல்லிடையில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்குப் பேப்பர் முக்கால் மணி நேரம் தாமதம். "இதுக்கு நான் ராத்திரி நியூஸே பார்த்துக்கிடுதேன்" என்று தினமும் திண்ணையில் நின்று சொன்னார். ஆனாலும் பேப்பரை நிறுத்தவில்லை.

வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு: அடுத்து யார் யார் வீடு, எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதிப்பார். அதுவே எங்களுக்கு அளவுகோல் ஆனது. நாலு வீட்டை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இரண்டு வீட்டுக்குள் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

விடியற்காலைச் சைக்கிளுக்கு இன்னொரு எதிரி தெருநாய். நாய் துரத்தினால் யாராயிருந்தாலும் உயிரை விட்டு மிதிப்பார்கள். குளிர்ந்த தமனியோடு அந்த இருபது விநாடி ஓட்டம் நல்லதில்லை. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் வைத்து, நடந்து கடப்பது என்று முடிவு. விழுந்துவிட்டால் அது தனித் தொல்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து சாப்பிடுகிறவருக்குச் சிராய்ப்பில் ரத்தம் நிற்கவே நேரமாகும், பத்து நிமிடம் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலை அடிபட்டால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஆகவே ஹெல்மெட். 'சைக்கிளுக்கு ஹெல்மெட்டா' என்று தெருவே சிரித்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கடைசியாகத்தான் உடுப்பு. கம்பளி ஸ்வெட்டர் எங்களுக்குச் சரிப்படவில்லை. பத்து நிமிடத்தில் உள்ளே வியர்க்கும், பருத்திப் பனியன் நனையும், நின்றதும் நனைந்த பனியன் நெஞ்சில் ஐஸ் மாதிரி ஒட்டும். திருப்பூர் பாலியஸ்டர் விளையாட்டு பனியன் உள்ளே, மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் முன்பக்கம் காற்றுப் புகாத விண்ட்சீட்டர், இவ்வளவு போதும். விண்ட்சீட்டர் வாங்குவதற்கு முன்னால் அண்ணாச்சி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ரிட்டர்ன் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயக்காரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறக்கத்தில் பாய்வது பழைய வழக்கம். அதை அவரிடம் சொன்னபோது, "அப்பம் அவனுவளுக்கும் நம்மாளுதான் பேப்பர் போட்டிருப்பான்" என்றார். பேப்பர் காற்றை நன்றாகத் தடுக்கும். நனைந்தால் மட்டும் ஆகாது.

தலைக்கும் காதுக்கும் மங்கி கேப். மூக்கு வாயை மூடி மெல்லிய துண்டு, உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். கைதான் பிரச்சினை. மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகளால் விரல்கள் குளிர்ந்து மரத்துப் போகும், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. கையுறை போட்டால் பேப்பரை உருவ முடியாது. மதினி கையுறையில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டும் நுனி நறுக்கி, ஓரம் தைத்துக் கொடுத்தார். ரப்பர் செருப்புக்குப் பதில் சாக்ஸ், கேன்வாஸ் ஷூ. சர்க்கரைக்காரரின் காலுக்கு அது எப்படியும் நல்லது.

சார்பிட்ரேட் முன்பு சட்டைப் பையில் இருந்தது. வியர்வையில் நனைந்து அட்டைக்குள்ளேயே உதிர்ந்திருந்ததைப் பார்த்தேன். மேலே விண்ட்சீட்டர் போட்டால் எடுக்கவும் முடியாது. இப்போது சின்ன டப்பாவில், விண்ட்சீட்டரின் வெளிப் பையில். விதி இதுதான்: வலியோ இறுக்கமோ தாடைக் கடுப்போ வந்தால் இறங்கி, உட்கார்ந்து, அப்புறம் மாத்திரை. நின்றுகொண்டோ சைக்கிளில் இருந்துகொண்டோ வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 108. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் காத்திருக்காமல் 108. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்று கூச்சம் பார்க்காமல் தனியாகக் கேட்டுக்கொண்டேன், அதோடு சார்பிட்ரேட் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. லைனில் உள்ள இரண்டு டீக்கடைக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எக்ஸெல் வண்டி

நடுவில் மகன் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வாங்கிக் கொடுத்தார். மிதிக்க வேண்டாம், இதயத்துக்கு வேலை இல்லை என்பது அவர் எண்ணம். பாதி சரி. மிதிக்காததால் தாடை வலி வரவில்லை. ஆனால் வேகம் இரட்டிப்பு, காற்றும் இரட்டிப்பு, உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்குவதும் இல்லை. அரை மணி நேரத்தில் அண்ணாச்சிக்கு உதறல் எடுத்தது. உதறல் லேசான விஷயம் இல்லை. கடுமையாக உதறும்போது உடலின் ஆக்சிஜன் தேவை ஓய்வில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஏறும், அதற்கும் இதயம்தான் ஓட வேண்டும். சைக்கிளுக்குச் சொன்னதைவிட ஒரு உடுப்பு கூடுதலாக, முழங்காலுக்கும் சேர்த்து, என்று வைத்துக்கொண்டோம். தூரத்துக் கட்டுகளை இறக்கிவைக்க மட்டும் இப்போது எக்ஸெல். சைக்கிளை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கு வேறு உடற்பயிற்சி கிடையாது.

சாரல் மாதங்கள்

மார்கழி போனால் ஆபத்து போயிற்று என்று இந்தப் பக்கம் நினைக்க முடியாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசி முதல் அம்பை வரை ஆளைத் தள்ளும். சாரல் நனைக்கும். வெப்பநிலையைப் பார்த்தால் மார்கழியைவிட அதிகம்தான், ஆனால் நனைந்த சட்டையில் காற்று அடித்தால் உடம்பு அதை அறியாது. ரெயின்கோட் போட்டால் உள்ளே வியர்த்து அதே நனைதல். கடையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்து, லைன் முடிந்த நிமிடமே மாற்றுவதுதான் நடைமுறையில் நின்றது. காற்று மிக அதிகமாக இருக்கும் நாட்களில் மேற்கு லைனுக்குப் பையன்.

சீசன் என்றால் குற்றாலம் போகாமல் இருப்பார்களா? மேலகரத்தில் தங்கச்சி வீடு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் போய் நிற்க வேண்டும் என்று அண்ணாச்சி. குளிர்ந்த தண்ணீர் உச்சந்தலையிலும் முகத்திலும் விசையோடு விழுந்தால் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாகச் சுருங்கி அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். கூட்டத்துக்குள் மயங்கினால் தெரியவும் தெரியாது. டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். அண்ணாச்சி கரையில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தார் என்று மதினி சொல்கிறார். அண்ணாச்சி அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்.

இன்றைய நிலை

இரண்டாவது மார்கழியும் கடந்துவிட்டது. தாடை வலி திரும்பவில்லை. விடியற்காலை பிபி 130-களில் நிற்கிறது. எக்கோ 50 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் இன்னும் டாக்டருக்குத் திருப்தியில்லை, அந்தச் சுக்குக் காப்பியில் மறுபடி கருப்பட்டி சேர்ந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். குளோபிடோக்ரலை எப்போது நிறுத்துவது என்பதை இரண்டாவது ஸ்டென்ட் வைத்த தேதியிலிருந்து கணக்குப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அதுவரை ஹெல்மெட் விஷயத்தில் சலுகை இல்லை. மேற்கு லைனுக்கு ஆடி முடியும்வரை நிரந்தரமாகப் பையன் போடலாமா என்று பேச்சு நடக்கிறது. பையனுக்குக் கொடுக்கும் காசு அந்த லைன் கமிஷனில் பாதியைத் தின்றுவிடும் என்பதால் அண்ணாச்சி இன்னும் பிடிகொடுக்கவில்லை.